கோல் கம்பத்தில் சாத்திய திறப்பு

ஆறாம் வாய்க்கால் விளையாட்டுக் கழகத்தில் வாக்குச்சீட்டு என்ற கதையே கிடையாது. முதல் வருஷம் ஒருமுறை சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முப்பத்தொரு பேர் இருந்த கூட்டத்தில் முப்பத்தாறு சீட்டு விழுந்தது. அந்த ஐந்தும் யாருடைய கைவண்ணம் என்று விசாரிக்கப் போய் இரண்டு சைக்கிளும் ஒரு பல்லும் உடைந்ததுதான் மிச்சம். அன்றோடு புது வழக்கம் வைத்தார்கள். போட்டியிடும் இருவரும் உதைபந்து மைதானத்தில் ஆளுக்கொரு கோலில் நிற்பார்கள். தலைவராக யார் வேண்டுமோ அவருடைய கோலில் போய் நிற்க வேண்டியது. கப்டன் மட்டும் பந்தோடு நடுக்கோட்டில் நின்று, எல்லாரும் போய் முடிந்த பிறகு கடைசி ஆளாக நடப்பான். அவன் போய்ச் சேர்ந்ததும் விசில். விசில் ஊதும்போது எந்தக் கோலில் எத்தனை தலையோ, அதுதான் கணக்கு. சமமாக வந்தால் பழைய தலைவரே இருப்பார்.

ஒளித்து வாக்களிக்க இடமில்லை. யார் எங்கே நின்றான் என்பது மறுநாள் தேத்தண்ணிக்கடைக்கும் தெரியும், வயல் வரம்புக்கும் தெரியும். வில்லங்கமே அதுதான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு, அந்த நடுக்கோட்டில் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றவன் ஏரம்பு. கழகத்தின் கப்டன், பின்வரிசை ஆட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்து கொண்டு போனவன் அக்கராயன் குளத்துப் பக்கம் அபூர்வம். அப்பேர்ப்பட்டவனுக்கு அன்று பயம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பயம்.

வடக்குக் கோலில் நின்றவர் பரமலிங்கம், ஆறு வருஷத் தலைவர். அது மட்டும் என்றால் யார் பயப்படப் போகிறார்கள்? அவர்தான் வட்டவிதானையார். குளத்துத் தண்ணீரை எந்த வயலுக்கு, எந்த நாளில், எத்தனை மணித்தியாலம் விடுவது என்று சொல்கிறவர். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கொடுத்த உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்துக்கு, மழைக்கு அடுத்தபடி அவர்தான். தெற்குக் கோலில் தில்லைநாதன், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். மெல்லிய மனிதர், கண்ணாடி போட்டவர், பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை. ஆனால் நியாயம் தெரிந்தவர்.

சண்டை தொடங்கியது நஜீமால். நஜீம் முல்லைத்தீவுப் பெடியன், சந்தியில் மாமனாரின் கடையில் நிற்பவன், கழகத்தின் கோல் காப்பாளன். போன மாதம் வவுனியாவில் நடந்த மட்சில் விதானையார் அவனை வெளியே இருத்திவிட்டு, தன் மருமகனைக் கோலில் விட்டார். கேட்டதற்கு, "வெளியாளுக்கு ஏன் இடம்?" என்றார். மருமகன் ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்தான். ஏழும் ஏரம்புவின் முதுகுக்குப் பின்னால் விழுந்தவை. அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே தில்லைநாதனிடம் போய், "தலைவர் பதவிக்கு நீங்கள் கேளுங்கோ மனேச்சர், நான் பக்கத்தில நிக்கிறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

கொடுத்தது ஏரம்பு மட்டுமில்லை. அவனையும் சேர்த்து வாய்க்காலின் கடைசி ஏழு வயல்காரரும் கொடுத்தார்கள். தண்ணீர் எப்போதும் அவர்களுக்குத்தான் கடைசியாக வரும், குறைவாக வரும். மனக்குறை நிறைய இருந்தது.

விதானையார் இதைக் கேள்விப்பட்டுக் கோபிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. வெள்ளிக்கிழமை ஆளனுப்பி ஒரு செய்தி சொன்னார். கடைசி ஏழு வயலுக்கும் திங்கட்கிழமை என்றிருந்த தண்ணீர் முறை மாறிவிட்டது, ஞாயிறு பின்னேரம் மூன்று மணி தொடக்கம் ஏழு மணி வரை, அவ்வளவுதான், இந்தப் போகத்துக்கு இதுவே கடைசித் தண்ணீர். கழகப் பொதுக்கூட்டம் ஞாயிறு நாலு மணிக்கு. எப்படி வேலை?

சிறுபோகம், கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்த ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், தவறினால் முழுக்க மணியில்லாத சப்பி. வீட்டில் ஐந்து வாய். எந்த வயல்காரன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வருவான்? ஆறு பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏரம்பு வந்ததே கப்டன் என்பதால்தான். வயலில் அவனுடைய மனைவி சிவனேஸ்வரி மண்வெட்டியோடு நின்றாள்.

இப்போது அவன் தலைகளை எண்ணினான். வடக்கே இருபது. தெற்கே பத்தொன்பது. திரும்பவும் எண்ணினான். தலைகள் மாறவில்லை.

அவன் வடக்கே போனால் இருபத்தொன்று, கதை முடிந்தது. தெற்கே போனால் இருபதுக்கு இருபது, சமம், பழைய தலைவர். எங்கே போனாலும் பரமலிங்கம்தான். அப்படியென்றால் தெற்கே போய் என்ன லாபம்? இந்த முறை தண்ணீர் வந்தாலும் அடுத்த போகம் அவன் வயலை விதானையார் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். வெறும் சமத்துக்காக வயலை எரிப்பதா? நஜீம் தெற்குக் கோலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காதே என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"என்ன ஏரம்பு, யோசினை?" விதானையார் வடக்கிலிருந்து கேட்டார். குரல் பழஞ்சோற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. "வயலில வேலை கிடக்கெல்லோ. கெதியா வா."

தேர்தலை நடத்த வந்த பள்ளிக்கூடத்துச் செல்வநாயகம் மாஸ்டர் கையில் விசிலோடு நின்றார். அவர் அங்கத்தவர் அல்ல, வாக்கும் இல்லை. "அவசரமில்லை தம்பி. நடக்கிற நேரம் நட" என்றார்.

அப்போதுதான் மைதானத்தின் ஓரத்தில் சிவனேஸ்வரி வந்து நின்றாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், தோளில் மண்வெட்டி. ஏரம்பு முதலில் பார்த்தது அவளுடைய கால்களை. சேறு இல்லை. புழுதி.

"என்னப்பா, தண்ணி வரேல்லை" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் நாற்பது பேருக்கும் கேட்டது. "மூண்டு மணி எண்டு சொன்னவை. நாலரையாச்சு. வாய்க்கால் காஞ்சு கிடக்கு. மற்ற ஆறு வயல்காரரும் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

சொல்லிக்கொண்டே வந்தவள் வடக்குக் கோலைப் பார்த்து நின்றுவிட்டாள். அந்தக் கம்பத்தில் இரண்டு முழ நீளத்தில் ஒரு இரும்பு சாத்தியிருந்தது. ஏரம்பு அதை முன்னமே கண்டவன்தான். கம்பம் நடக் குழி தோண்டிய அலவாங்கு என்று நினைத்துவிட்டான். அலவாங்கு நேராக இருக்கும், இதற்குத் தலை வளைந்திருந்தது. அது துருசைத் திருகித் திறக்கிற திறப்பு. குளத்துத் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்குகிற கதவு அந்தத் திறப்பில்லாமல் அசையாது. அந்தத் திறப்பு இங்கே என்றால், துருசு மூடிக் கிடக்கிறது.

பக்கத்தில் பாலன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். விதானையாரின் கீழ் துருசு திறக்கிற வேலை அவனுக்கு, கழகத்தில் வலப்பக்க முன்வரிசை ஆட்டக்காரன். அங்கேதான் விதானையார் பிழை விட்டார். எதிராளியின் ஆறு வாக்கை வயலில் கட்டிப் போட்டவருக்கு, தன் பக்கத்தில் ஒரு வாக்குக் குறையும் என்று பயம். துருசுக்குப் போக வேண்டியவனைத் திறப்போடு கோலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீர் பிறகு போகட்டும், தலை முதலில் எண்ணப்படட்டும் என்ற ஆசை. மனிதனுக்கு அவ்வளவு ஆசை கூடாது.

"தம்பி பாலன், உது துருசுத் திறப்பெல்லே?" சிவனேஸ்வரி கேட்டாள்.

பாலன் நிமிரவில்லை. "ஓம் அக்கா" என்றான்.

விதானையார் இடையில் புகுந்தார். "கூட்டம் முடியட்டும் பிள்ளை. முடிஞ்ச உடனை பாலன் போவான். தண்ணி எங்கையும் ஓடிப்போகாது." ஏரம்பு பக்கம் கையைக் காட்டினார். "முதல்ல உன்ர புருசன் எந்தப் பக்கம் நிக்கிறான் எண்டு பாப்பம்."

சொல்லியேவிட்டார். வடக்கே நின்ற இருபது பேரில் இரண்டு மூன்று பேர் நிலத்தைப் பார்த்தார்கள்.

ஏரம்புவுக்கு உடம்பெல்லாம் பற்றியது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் அங்கேயேதான் இருந்தது. அதற்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்தது. மனைவியைப் பார்த்தான். "என்ன செய்ய?" என்று கேட்டான், நாற்பது பேருக்கு முன்னால், வெட்கத்தை விட்டு.

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? எனக்கு இஞ்சை வோட்டில்லை." மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எங்கை நிண்டாலும் நிமிந்து நில்லுங்கோ. வயலை நான் பாக்கிறன்."

ஏரம்பு பந்தை நடுக்கோட்டில் விட்டுவிட்டுத் தெற்கே நடந்தான். ஐம்பது கெஜத் தூரம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அந்த மைதானம் ஒருநாளும் இருந்ததில்லை. தில்லைநாதன் பக்கத்தில் போய் நின்று திரும்பினான். இருபதுக்கு இருபது. நஜீம் அவன் கையைப் பிடித்து விட்டான். தோற்றுவிட்டோம் என்று இருவருக்கும் தெரியும்.

விதானையாருக்கும் தெரியும். சிரித்தார். "மாஸ்டர், கப்டன் போயிட்டான். ஊதுங்கோ."

செல்வநாயகம் மாஸ்டர் விசிலை வாய்வரை கொண்டுபோனார். பிறகு சால்வைத் தலைப்பால் அதைத் துடைக்கத் தொடங்கினார். அந்த விசிலில் துடைக்க ஒன்றுமே இல்லை. மனிதர் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய கண் விசிலில் இல்லை, வடக்குக் கம்பத்தில் இருந்தது.

பாலன் குனிந்து திறப்பை எடுத்தான்.

"எங்கையடா?" என்றார் விதானையார்.

"துருசுக்கு."

"விசில் ஊதினாப் பிறகு போ."

"மூண்டு மணி முறை எண்டு சொல்லியனுப்பினது நீங்கள்தானே விதானையார்." பாலன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். "அந்த ஏழு வீட்டுக்கும் போய்ச் சொன்னவன் நான். என்ர வாயால சொன்னது."

"பாலன், நில்லடா. போனா வேலைக்கு வராதை."

பாலன் நிற்கவில்லை. இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். ஒரு பக்கமும் சேரவில்லை, தெற்குக் கோலைத் திரும்பியும் பார்க்கவில்லை. குளக்கட்டுப் பக்கம் நடந்தான், பிறகு ஓடினான்.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்து ஊதினார். மூச்சு முட்டும் வரை ஊதினார்.

வடக்கே பத்தொன்பது. தெற்கே இருபது.

ஒருவரும் கைதட்டவில்லை. விதானையார் யாரோடும் பேசாமல் சைக்கிளை எடுத்து, வீட்டுப் பக்கம் போகாமல் குளக்கட்டுப் பக்கம் திருப்பினார். அதைக் கண்டதும் ஏரம்புவுக்கு வென்ற சந்தோஷம் செத்துப்போனது. தில்லைநாதன் என்னவோ சொல்லிக் கையை நீட்டினார். ஏரம்பு அதைப் பிடிக்காமல் சிவனேஸ்வரிக்குப் பின்னால் வயலுக்கு ஓடினான்.

வாய்க்கால் காய்ந்துதான் கிடந்தது. ஆறு வயல்காரரும் வரம்பில் குந்தியிருந்தார்கள். முடிவைச் சொன்னான். "அப்ப தண்ணி?" என்றார்கள். அதுதானே கேள்வி.

ஐந்தரைக்குப் பாலன் வாய்க்கால் கரையால் நடந்து வந்தான். கையில் திறப்பு இல்லை. "துருசைத் திறந்திட்டன் அண்ணை. விதானையார் பின்னாலை வந்து திறப்பைப் பறிச்சுப்போட்டார். அவர் அங்கைதான் நிக்கிறார். நாளைக்கு வரவேண்டாமாம்."

ஏரம்பு அவனை உட்காரச் சொன்னான். "அரிவு வெட்டுக்கு என்னட்டை வா" என்றான். நெல் விளைந்தால்தானே அரிவு வெட்டு. அதை இருவரும் சொல்லவில்லை.

முதலில் சருகும் நுரையுமாக ஒரு நாக்குத் தண்ணீர் வந்தது. பிறகு கணுக்கால் அளவு. சிவனேஸ்வரி வரம்பை வெட்டி வயலுக்குள் திருப்பினாள். ஏரம்பு வாய்க்காலில் ஒரு தடியைக் குத்தித் தண்ணீர் மட்டத்துக்கு நகத்தால் கீறு போட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். துருசை இப்போது மூடினாலும் இங்கே தெரிய நேரமெடுக்கும். ஒவ்வொரு நிமிஷமும் கீறு வெளியே தெரிகிறதா, தெரிகிறதா என்று பார்த்தான். ஆறு மணி. ஆறேகால். கீறு நனைந்தபடியே இருந்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு விதானையார் வரம்பால் வந்தார். பின்கரியரில் திறப்பு. பாலன் எழுந்து நின்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

"உங்கட முறை ஏழு மணி மட்டும்" என்றார். "ஏழுக்கு மூடுவன்."

"இப்பவே மூடுவியள் எண்டு நினைச்சன்" என்றான் ஏரம்பு.

"மூடத்தான் போனனான். திறப்பைப் போட்டுத் திருகவும் வெளிக்கிட்டன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு பின்னேரத்தில் மனிதருக்கு வயது கூடியிருந்தது. "பிறகு விட்டிட்டன். பந்துக்குத் தலைவரை மாத்திப்போட்டியள். சரி, அது விளையாட்டு. நான் தண்ணியை மறிச்சா, தண்ணிக்கும் ஆளை மாத்தினா என்ன எண்டு யோசிக்கத் தொடங்குவியள். அதுக்கு நான் இடம் வைக்கமாட்டன்."

சிவனேஸ்வரி மண்வெட்டியை வரம்பில் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"யோசிக்கத் தொடங்கிட்டம், விதானையார்" என்றாள். "கச்சேரிக்கு ஒரு பெட்டிசம் எழுதினாப் போதும். அதில கையெழுத்து வைக்க உங்கட கழகத்தில அங்கத்தவராய் இருக்கத் தேவையில்லை. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும்."

விதானையார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். ஏழு மணிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. தண்ணீர் வந்துகொண்டிருந்தது.