தலைக்கு வைத்த எண்ணெய்

“கட்டின புருசன் வூடு குத்துக்கல்லாட்டம் நிக்குது. அத வுட்டுட்டு எண்ணெ காச்சற கொட்டாயிலேருந்து பொணம் எடுப்பாங்களா? ஊரு சிரிக்கும்!” என்று செத்தவளின் கொழுந்தன் ஜெகதீசன் கத்தினான்.

“ஏழு வருசமா சிரிச்ச ஊருதானே, இன்னிக்கு ஒருநாளு அழட்டும்,” என்றாள் கெங்கம்மாள். கொட்டகை வாசலில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் குழுவின் இருபத்திரண்டு பெண்களில் மிச்சமிருந்த இருபது பேரும் நின்றார்கள். இருபத்திரண்டாமவள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள்.

சத்தத்துக்கெல்லாம் காரணமான சுப்பராயலு புங்க மரத்தடியில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். செத்துப்போனது அவர் பெண்டாட்டி சின்னபொண்ணு. முந்தின நாள் சாயங்காலம் புல் கட்டை இறக்கி வைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, மனுசன் அழுகையை மறைக்கிறார் என்று உச்சுக் கொட்டினார்கள். கொளத்துமேட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரியும். அவருக்கு அந்த வாசனை ஆகாது.

வாசனை என்பது வாசப்புல் வாசனை. ஒலக்கூருக்குத் தெற்கே, ஊரை ஒட்டி இருக்கும் பாறைமலையில் தானாக முளைத்துக் கிடக்கும் புல். கசக்கினால் எலுமிச்சம்பழம் போல மணக்கும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து அதை அறுத்து, நிழலில் வாட்டி, பெரிய இரும்பு அண்டாவில் அடைத்து, அடியில் தீ போடுவார்கள். ஆவி குழாய் வழியே ஓடி, தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து, எண்ணெயாக மிதக்கும். அண்டா மூடியும் குழாயும் சேரும் இடத்தில் ஈரத்துணி சுற்றியிருப்பார்கள். எத்தனை சுற்று சுற்றினாலும் கொஞ்சம் ஆவி கசியும். அந்தக் கொஞ்சம்தான் ரோடு வரைக்கும் வரும்.

அது சின்னபொண்ணோடு வீட்டுக்கும் வந்தது. சோற்றில் வருகிறது என்றார் சுப்பராயலு. குழம்பில் வருகிறது, பாயில் வருகிறது என்றார். கடைசியில் ஒரு நாள், “அந்த நாத்தத்தோட இந்த வாசப்படி ஏறாத,” என்றார். அவள் உள்ளே போய்த் தன் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவாள் என்று அவர் டீக்கடையில் சொன்னார். அப்புறம் ஒரு மாசம் என்றார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். அப்போது பன்னிரண்டு வயசாயிருந்த மகள் சங்கவி இங்கே பாதி, அங்கே பாதி என்று வளர்ந்தாள்.

ஊர் ஒன்றை மட்டும் கவனித்து வைத்திருந்தது. டீக்கடைக்குப் போக ஏரிக்கரை வழி கிட்டே. சுப்பராயலு ஏழு வருசமும் தினம் காலையில் கொட்டகை வழியாகத்தான் சைக்கிளில் போனார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். கேட்டால், ஏரிக்கரையில் முள்ளு என்பார்.

“நைனா, நீயாவது வாயத் தொறந்து சொல்லு,” என்றாள் சங்கவி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. “அம்மா இங்கதான இருந்துச்சு.”

சுப்பராயலு துண்டுக்குள்ளிருந்து சொன்னார். “ஒரு நாழி... வூட்டு வாசல்ல வெச்சிட்டு எடுத்துனு பூடலாம். அவ்ளோதான்.”

வாசப்படி ஏறாதே என்றவர் அவர்தான். அவள் ஏறாமலே போய்விட்டால் அந்தச் சொல் அப்படியே நின்றுவிடும். அதைத் திருப்பி எடுக்க அவருக்கு அந்த ஒரு நாழிகைதான் இருந்தது. இதையெல்லாம் பெண்கள் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? ஜெகதீசனோ அண்ணனுக்காகப் பேசுகிறேன் என்று கௌரவம், சாதிசனம் என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தான்.

கெங்கம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள். “சரி மாமா. குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெ வெக்கறது இங்க. அப்பறம் வண்டில ஏத்தி வூட்டுக்கு எடுத்துனு போங்க. நாங்களும் பின்னாடியே வர்றோம்.”

பெட்டியிலிருந்து எடுத்து, கொட்டகை முன்னால் பெஞ்சில் கிடத்தினார்கள். பாடை ஒரு பக்கம் தயாராக இருந்தது. சீயக்காய்த் தட்டு வந்தது. எண்ணெயைக் காணோம். நல்லெண்ணெய் பாட்டிலை ஜெகதீசன் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

“எண்ணெ காச்சற எடத்துல எண்ணெக்குப் பஞ்சம்!” என்று பறை அடிக்கிறவர்களில் ஒருவர் முனகினார்.

“ஜல்தி ஆவட்டும், வெயிலு ஏறுது,” என்றான் வேன்காரன்.

எல்லாரும் தன்னையே பார்ப்பது போல சுப்பராயலுவுக்குத் தோன்றியது. துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் நுழைந்தார். ஏழு வருசத்தில் முதல் தடவை. இருட்டில் மரப்பலகையைத் தடவினார். பழக்கமான ஒரு பாட்டில் கையில் பட்டது. பழைய நல்லெண்ணெய் பாட்டில், உள்ளே மஞ்சளாக முக்கால்வாசி. மூக்கில்தான் துண்டு இருந்ததே. எடுத்து வந்து, உள்ளங்கை நிறைய ஊற்றி, பெண்டாட்டியின் உச்சியில் வைத்தார். புறங்கையால் லேசாகத் தொட்டு வைப்பதுதான் வழக்கம். அவர் பாட்டிலையே கவிழ்த்துவிட்டார்.

கை எரிந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் அத்தனை பேரும் வாயில் கைவைத்து நின்றார்கள்.

“மாமா,” என்றாள் கெங்கம்மாள் மெதுவாக. “அது மொத எண்ணெ. இந்த வருசத்து மொத எண்ணெ. கன்னிமாருக்குன்னு எடுத்து வெச்சிருந்தது.”

அவர்கள் வழக்கம் அது. பருவத்தின் முதல் எண்ணெயை விற்பதில்லை. மலைமேல் இருக்கும் கன்னிமார் கல்லில் தடவிவிட்டுத்தான் அடுத்த எண்ணெயை விற்க எடுப்பார்கள். பங்குனி பிறந்ததும் ஏறுவதாக இருந்தார்கள்.

வாசனை புங்க மரத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மல்லாட்டைக் கொல்லை வரைக்கும் போனது.

“போவட்டும் வுடுக்கா,” என்றாள் குழுவில் ஒருத்தி. “யாருக்குப் போனா இன்னா.”

அப்போதுதான் அது வந்தது. முதலில் நாலைந்து. பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, எண்ணெய் இறக்குகிற நாளில் பாறையிடுக்குத் தேனீக்கள் இரண்டு மூன்று வந்து சுற்றுவது சகஜம். ஆனால் இன்றைக்குப் போல முழுப் பாட்டிலை யாரும் திறந்தவெளியில் கொட்டியதில்லை. மலைப்பக்கமிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பி, கறுப்பாய் ஒரு மூட்டை போல உருண்டு வந்தது.

“ஓடாதீங்க! ஆடாம உக்காருங்க, ஒன்னும் பண்ணாது!” என்று கெங்கம்மாள் கத்தினாள்.

குழுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஓடினார்கள். பறைகள் நடுரோட்டில் கிடந்தன. வேன்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவன் விக்கிரவாண்டி டோல்கேட்டில்தான் நின்றான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். சாதிசனத்தின் கௌரவத்தைக் காக்க வந்த ஜெகதீசன், சீயக்காய்த் தட்டோடு மல்லாட்டைக் கொல்லையில் குப்புறப் படுத்திருந்தான். அவனை மட்டும் இரண்டு தேனீக்கள் கொட்டின. ஏன் அவனை மட்டும் என்று ஊர் வெகுநாள் ஆராய்ச்சி செய்தது.

சுப்பராயலு ஓடவில்லை. பெஞ்சின் தலைமாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேனீக்கள் சின்னபொண்ணின் தலைமேல் வட்டமிட்டு, பெஞ்சுக்கு மேலே நிழலுக்காகக் கட்டியிருந்த தென்னங்கீற்றில் கொத்தாகத் தொங்கின. நாலைந்து அவர் எண்ணெய்க் கையில் ஊர்ந்தன. கையை அசைக்க முடியாததால், மூக்கிலிருந்து நழுவின துண்டை அவரால் எடுக்க முடியவில்லை.

நேரம் போயிற்று. அவர் மூச்சு விடத்தானே வேண்டும்.

“கெங்கா,” என்றார் வெகுநேரம் கழித்து. “இந்த ஒரு பாட்டிலுக்கு எத்தினி கட்டு புல்லு வேணும்?”

“ஆறு கட்டு மாமா. ரெண்டு நாளு ஏறி எறங்கணும்.”

“இத யாரு அறுத்தது?”

“அவதான்.”

அவர் தலையாட்டினார். திறந்திருந்த கொட்டகைக் கதவு வழியே உள்ளே பார்த்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில். அதன்மேல் பச்சைக் கோடு போட்ட தலையணை. அதற்கு ஜோடி அவர் வீட்டில் இருந்தது.

சங்கவி நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நைனா, வண்டி பூட்ச்சி. வேற வண்டி சொல்லட்டுமா? வூட்டுக்கு எடுத்துனு போலாம். நான் ஒன்னும் சொல்லமாட்டேன்.”

சுப்பராயலு கீற்றில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்மா,” என்றார். “இங்கேந்தே எடுப்போம்.”

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும், கெங்கம்மாள் ஒரு மண்பானையைக் கவிழ்த்துப் பிடித்து, அந்தக் கொத்தைப் பதமாக அதற்குள் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டகைக் கூரையில் கட்டினாள். பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. நாலு பேரில் ஒருவராக சுப்பராயலுவே தோள் கொடுத்தார். புருசன் பாடை தூக்கலாமா கூடாதா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

அடுத்த தையில் சங்கவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விக்கிரவாண்டியில் லாரி மெக்கானிக். தன் டீசல் வாசனையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். ஜெகதீசன், பாண்டிச்சேரியில் இருக்கும் தன் மகன் வீட்டோடு போய்விட்டான். ஊரில் குழந்தைகள்கூட அவனைப் பார்த்து ரீங்காரம் போட்டால் மனுசன் எப்படி இருப்பான்? கன்னிமாருக்கு அந்த வருசம் இரண்டாவது எண்ணெயைத்தான் தடவினார்கள். கன்னிமார் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சுப்பராயலு வீட்டைப் பூட்டிவிட்டுக் கொட்டகைக்குக் குடிவந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. வந்தபோது ஒரு தலையணைதான் கொண்டுவந்தார். அண்டாவுக்கு விறகு தள்ளுவது இப்போது அவர் வேலை. டீக்கடைக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போகிறார். முள்ளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தீ மூட்டிய நாளில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். அண்டா மூடியில், குழாய் சேரும் இடத்தில், அவருடைய துண்டு நனைந்து இறுகச் சுற்றியிருக்கும். அதன் ஒரு முனையிலிருந்து ஆவி மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.