ஏணி இல்லாத மாடி

குடிசைகளை இடித்து ஃபிளாட் கட்டித் தரும் திட்டத்துக்கு வீடுகளை அளக்கச் சர்வேக்காரர்கள் பத்தரைக்கு வருவார்கள். ஒன்பது மணிக்கே சந்தில் ஏணிகள் இறங்கத் தொடங்கின.

தாராவியின் அந்தச் சந்தில் மாடிக்குப் போக வெளியே சாத்திய இரும்பு ஏணிதான் வழி. ஏணி இருந்தால் மேலே வேறு குடும்பம் என்று எழுதிக்கொள்வார்கள், கீழ் வீட்டுக்காரருக்குக் கிடைக்கப்போகும் ஃபிளாட்டில் சதுர அடி குறையும் என்று பேச்சு. யார் சொன்னது என்று எவருக்கும் தெரியவில்லை. கழற்றிய ஏணிகளைப் பிள்ளையார் விழா நடத்தும் கணபதி மண்டலின் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினார்கள்.

"மெதுவாடே. அவ ஒறங்குதா," என்றாள் முருகம்மாள்.

"எம்மா, பாரியா இருக்கு, கை தாங்கல. நீ பிடிச்சுப் பாரு," என்றான் மகன் கணேசபாண்டியன்.

மேலே மாரிசெல்வி. பல வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைத்துவிட்டுக் காலையில் வந்து படுப்பாள்.

முருகம்மாளின் மகள் விஜயராணி வாசலில் நின்றிருந்தாள். செம்பூரில் ஒரு கல்வி நிறுவனத்தில், நகரத் திட்டமிடலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

"எம்மா, அந்தக்காவ எழுப்பிச் சொல்லிட்டாவது செய்யி."

"எழுப்புனா சும்மா விடுவாளா? நீ ஒம் படிப்பப் பாரு."

அந்தப் படிப்பே ஏணியால் வந்தது. இரண்டு முறை நுழைவுத் தேர்வில் தேறியும் நேர்காணலில் கழித்துவிட்டார்கள். மூன்றாவது முறை தாராவி மாடிகளைப் பற்றிச் சொன்னாள். ஏணி சாத்தினால் வீடு, எடுத்தால் பரண் என்றாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். இடம் கிடைத்தது.

ஆய்வுக்கு முன்னோட்டமாக அவள் முதலில் பேட்டி எடுத்தது மாரிசெல்வியைத்தான். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாரிசெல்வி சிரித்தாள். "ஊசி போடத் தெரியாத டாக்டரு. எம் முதுகுவலிக்கு என்னட்டி தருவ?" டிபன் டப்பாவோடு அவள் ஏணியில் நிற்கும் படம் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. முகத்தை மறைத்திருந்தார்கள்.

வகுப்புகள் முடிந்தன. தகுதித் தேர்வு முடிந்தது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்தான் பாக்கி. குழு திங்கட்கிழமை கூடுகிறது. இந்தப் பருவத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகும். வழிகாட்டி வேங்கடசுப்ரமணியன் அவளை மாட்டுங்காவில் தன் வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசியிருந்தார்.

"உன் வீட்டையே சாம்பிள்ல வெச்சிருக்கே. கமிட்டி அதைத்தான் பிடிச்சுக்கும். சர்வே நடக்கறச்சே நீ வாயே திறக்கப்படாது. அங்க நீ பாக்கறவ, பேசறவ இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"ஒரு கம்ப்ளைன்ட் வந்தாக்கூட என்னால ஒண்ணும் பண்ண முடியாது. காபி ஆறிடப்போறது, குடி."

சர்வேக்காரர்கள் இரண்டு பேர். ஒருவனிடம் டேப்லெட். இன்னொருவன் லேசர் அளவுக் கருவியைச் சுவரில் காட்டினான். சிவப்புப் புள்ளி மேலே ஏறி மாடிக் கதவில் நின்றது. அங்கே யார் என்று இந்தியில் கேட்டான்.

"கோயி நஹீ. சாமான்," என்றாள் முருகம்மாள், யாரும் இல்லை என்று கையை விரித்து.

கதவு திறந்தது. மாரிசெல்வி தூக்கம் கலையாத முகத்தோடு, பழக்கத்தில் ஒரு காலை வெளியே வைத்தாள். கால் காற்றில் இறங்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் மகள், ஊரிலிருந்து விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று முருகம்மாள் அவசரமாக இந்தியில் சொன்னாள்.

"யாரு விருந்தாளி? மாசாமாசம் பாடான்னு துட்டு வாங்கையில நான் விருந்தாளியா, மைனி?" மாரிசெல்வி இந்திக்கு மாறினாள். இங்கேதான் குடியிருக்கிறேன், எழுதிக்கொள், இல்லாவிட்டால் எனக்கு வீடு கிடைக்காது என்று கத்தினாள்.

வாடகைக் காகிதம் இருக்கிறதா என்று டேப்லெட்காரன் கேட்டான். அந்தச் சந்தில் வாடகைக்குக் காகிதம் எழுதியவர் யாரும் இல்லை.

அவன் விஜயராணியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். மேடம், நீங்கள் படித்தவர், நீங்கள் சொல்லுங்கள் என்றான்.

முருகம்மாள் மகளைப் பார்த்தாள். மாரிசெல்வியும் பார்த்தாள்.

"நான் இங்கே ஆய்வு செய்கிறேன்," என்றாள் விஜயராணி இந்தியில். "எதுவும் சொல்லக் கூடாது."

அவன் தலையாட்டினான். சாமான் அறை என்று சொல்லிக்கொண்டே டேப்லெட்டில் விரலால் தொட்டான். இருவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

முருகம்மாள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சந்து முழுவதும் அளந்து முடியாமல் ஏணியைக் கொண்டுவர முடியாது என்று கணேசபாண்டியன் சொல்லிவிட்டுப் போனான்.

மாரிசெல்வி கதவு நிலையில் உட்கார்ந்தாள். கால்கள் சுவரில் தொங்கின. ஒரு செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. விஜயராணி அதை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்தாள்.

"அக்கா, சாயங்காலம் ஏணி வந்துரும். டூட்டிக்குப் போயிரலாம்."

"போவேன். போகாம?"

மாரிசெல்வி குனிந்து கீழே பார்த்தாள்.

"ஏட்டி விஜயா, அந்தப் போட்டால நான் ஏணில நிக்கேம்லா. அத இனியும் ஒங்க சாருமாருக்குக் காட்டுவியா?"