வெள்ளித் தாள்

ஒரு பொருளை வாங்கிவிட்டால் அதை ஊருக்கெல்லாம் காட்டாமல் சூசைநாதனுக்குச் சோறு இறங்காது. போன வருஷம் கலர் டிவி. இப்போது படுக்கையில் கிடக்கும் மனைவி உர்சுலாவின் ஜன்னல்! அவளுக்கு விடிந்ததிலிருந்து வயிறு எரிந்தது.

இடுப்பெலும்பு முறிந்து அவள் படுத்ததிலிருந்து, வீட்டுக்குப் பின்னால் ஜன்னலை ஒட்டியிருந்த செம்பருத்தியில் கூடு கட்டிய தேன்சிட்டு ஜோடிதான் அவளுக்குத் துணை. ஆனால் இவள் கையைத் தூக்கினாலே அவை பறந்துவிடும். "நான் இருக்கிறது அதுக்குத் தெரியாத மாதிரி ஜன்னல்ல ஏதாவது ஒட்டுங்களேன். லேசா இருந்தாப் போதும்" என்று அவள்தான் கேட்டாள். அவரும் சிராங்கூன் சாலையில் கார் கண்ணாடிக்குத் தாள் ஒட்டும் அப்துல் கஃபாரின் கடைக்குப் போனார். கஃபார் புகை நிறம், கறுப்பு, வெள்ளி என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். சூசைநாதன் வெள்ளித் தாளில் தம் முகத்தைப் பார்த்தார். தலையைச் சீவிக்கொண்டார். அதையே வாங்கிவந்து ஜன்னலின் உள்பக்கம் ஒட்டியும்விட்டார். தலை சீவிய கதையை வீட்டில் பெருமையாகச் சொன்னது வேறு!

வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிட்டது. ஆண்சிட்டு அதில் தன்னைப் பார்த்து, போட்டிக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டது. பொழுது விடிந்தால் போதும், வந்து வந்து மோதியது. பிய்த்துப் போடுங்கள் என்று உர்சுலா தொண்டை கிழியக் கத்தினாள்.

"பழகிடும்லா. ஞாயித்துக்கிழமை இதைப் பாக்கக் கோயில் ஆளுங்களை வரச் சொல்லிட்டேன்" என்றார் அவர்.

பூசை முடிந்ததும் வந்தார்கள். பாடற்குழு அல்போன்சம்மாள், இயேசுதாசன், இன்னும் நாலைந்து பேர், கையில் கறிபஃப். இரவு உடையில் படுத்திருந்தவளிடம் "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், எல்லா முகமும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

சிட்டு வந்து மோதியது.

"ஐயோ, சண்டை போடுது பாருங்களேன்!" அல்போன்சம்மாள் கைதட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி மோதியது. கண்ணாடியில் சிவப்பாக ஒரு பொட்டு. சிட்டு செடியடியில் விழுந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அப்போதும் ஒருவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

உர்சுலாவுக்கு வந்ததே கோபம்! ஜன்னல் கட்டையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். இடுப்பு உயிரை வாங்கியது. தாளின் மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தாள்.

"என்ன பண்றே? ஆளுங்க இருக்காங்க!"

"அப்போ நான் யாரு? உங்க மூஞ்சி அழகைப் பார்த்துத்தானே இதை வாங்கினீங்க? அங்க அதுக்கு ரத்தம் ஒழுகுது, இங்க பஃப் தின்னுக்கிட்டுச் சிரிப்பு!"

தாள் கீற்றுக் கீற்றாகக் கையோடு வந்தது. வெயில் கட்டிலில் விழுந்தது. சிட்டு தட்டுத் தடுமாறி எழுந்தது, உள்ளே நின்ற கூட்டத்தைப் பார்த்து மிரண்டது, வேலிக்குப் பறந்துபோனது. கூட்டிலிருந்து பெண்சிட்டு கத்தியது.

"பாத்தியா, பறந்துடுச்சு" என்றார் சூசைநாதன், ஜெயித்துவிட்டவரைப் போல.

"எல்லாரும் கிளம்புங்க. நீங்க போனாத்தான் அது கூட்டுக்கு வரும்."

யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்கள். சூசைநாதன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனார்.

"நீங்களுந்தான்" என்றாள் உர்சுலா.