தம்பிக்கு அனுப்பிய லிங்க்

என் மகளின் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தபோது சம்பந்தி போனில் கேட்டார்: "பொண்ணோட சித்தப்பா வர்றார் இல்லையா?"

"வராம எங்க போவான்?" என்று சொல்லி வைத்துவிட்டேன். வெளியூரில் இருக்கும் தம்பியும் நானும் பேசி ஒன்பது வருடம். அப்பா இறந்த அன்று கூட்டத்தின் நடுவில் என்னை நோக்கிக் கை நீட்டிப் பேசியவன் அவன். ஆனால் கூடப்பிறந்தவன் நிற்காத மேடையில் நான் நின்றால் ஊர் வாய் சும்மா இருக்காது.

அழைப்பிதழைப் போனில் அனுப்பும் யோசனை மருமகளுடையது. விளம்பரக் கம்பெனியில் வேலை செய்கிறவள். நீளமான இணைய முகவரியை அரை வரியாகச் சுருக்கி, வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்தொரு லிங்க் செய்தாள். எதை எத்தனை முறை தட்டினார்கள் என்று அவள் கணினியில் தெரியும்.

"யார் திறக்கலையோ அவங்களுக்கு மட்டும் போன் பண்ணா போதும் மாமா."

தம்பிக்கு என் போனிலிருந்தே போனது. 'குடும்பத்துடன் வரவும்', கீழே லிங்க். அவ்வளவுதான். என் எண் மாறிவிட்டதால் பெயரையும் போடச் சொன்னாள். போடவில்லை. போட்டால் கெஞ்சியதுபோல ஆகிவிடும்.

அன்று சாயங்காலம் அவன் பெயருக்கு எதிரே பூஜ்யம். மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஐந்து. நான்காம் நாள் ஏழு. ஏழு முறை திறந்து பார்த்தவனுக்கு ஒரு வார்த்தை எழுத விரல் வரவில்லை. சம்பந்திக்கு என்ன சொல்வேன்? கடைசியில் எழுதி அனுப்பினேன்: 'ஏழு தடவை பார்த்துவிட்டு வாயைத் திறக்காதவன் என் மகள் கல்யாணத்துக்கு வரவே வேண்டாம்.'

மருமகளிடம் சொன்னேன். அவள் கணினியில் அந்த ஏழின் மேல் அழுத்தி உள்ளே பார்த்தாள்.

"மாமா, ஏழும் ஒரே போன்லேர்ந்து. அதுவும் நம்ம ஊரு. நீங்க தட்டினீங்களா?"

"திறக்குதான்னு பாத்தேன். காலைல, சாயங்காலம். அது கூடவா கணக்கு?"

"யார் தட்டினாலும் கணக்குதான். மத்த நாப்பதையும் தட்டிப் பாத்தீங்களா?"

நான் போனைக் கையில் எடுத்தேன்.

"அப்ப சித்தப்பா ஒரு தடவைகூடத் திறக்கல மாமா."

செய்தியை அழிக்கப் போனேன். படித்துவிட்டதற்கான குறி அதற்குள் விழுந்திருந்தது. அடுத்த நிமிடம் போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணா, நீதானா? பேரு ஊரு இல்லாம ஒரு லிங்க் வந்துச்சு. எவனோ ஃபிராடுன்னு நெனச்சுத் தொடவே இல்ல. இப்பத் திட்டி வந்ததும்தான் தெரிஞ்சுது. இப்படித் திட்ட ஒலகத்துல வேற ஆள் கெடையாது."

"ம்."

"அது என்ன ஏழு தடவ? நான் பாக்கவே இல்லியே."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தான்டா பாத்தேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எத்தன மணிக்கு வரணும்?"

"எல்லாம் அதுல போட்டிருக்கு. திறந்து பாரு."

போனை வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஏழு. ஏழு. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

எட்டு.

மருமகள் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள்.

"இது வேற ஊரு, மாமா."