மருத்துவ மடல்

என் மனைவி ஹமீமாவின் தம்பி அப்துல் ஸமத் ஒருமுறை சென்னைக்குப் போய்ப் பதினேழு நாள் தங்கிவிட்டு வந்தான். போனது சைக்கிள் உதிரிப்பாகம் வாங்க. வந்ததோ மேடைப் பேச்சாளனாக. தோளில் முழங்கால்வரை தொங்கும் ஒரு வெள்ளைத் துணி. நாங்கள் சால்வை என்று சொல்வதை அவன் ‘துண்டு’ என்றான்; எங்களுக்குத் துண்டு என்றால் சீட்டு. அதை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினால் பேச்சில் அடுத்த பந்தி வரப்போகிறது என்று அர்த்தமாம்.

மாத்தளைக் கடைவீதியில் பலீல் ஹாஜியாருடைய மிளகு ஸ்டோருக்கு மேல்மாடியில் பலகை தொங்கியது: ‘பேச்சுப் பேரொளி அப்துல் ஸமத் நடத்தும் நாவன்மைப் பயிலகம். ஞாயிறுதோறும்.’ பேரொளி என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன். சபை கொடுத்தது என்றான். எந்தச் சபை என்று கேட்கவில்லை. வெட்கம் அவனுக்கு வராது, எனக்கு வந்துவிடும்.

“மச்சான், நீங்களும் வந்து ஒரு கதிரையில இரிங்க. ஆள் நிறைஞ்சாத்தானே வகுப்பு மாதிரித் தெரியும்,” என்றான். ஹமீமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் போனேன். நான் தொழில் விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளன். தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்வேன். அவர் கேட்பதைத் தமிழில் திருப்புவேன். பன்னிரண்டு வருஷம் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு இந்தப் பொடியன் பேசக் கற்றுத்தரக் கிளம்பியிருந்தான்.

அவனுடைய வித்தை மூன்று பாகம். விளித்தல், விரித்தல், விடைபெறல். விளித்தலில் தலைவர் தொடங்கி ஒலிபெருக்கிக்காரன்வரை யாரையும் விடக்கூடாது. விரித்தலில் ஒவ்வொரு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். எவனாவது இடையில் கேள்வி கேட்டால் கையை உயர்த்தி அவனை அடக்கிவிட்டுத் தொடர வேண்டும். பேச்சு முடியும்வரை பதில் கிடையாது. இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள ஆறு பேர் வந்தார்கள். அதில் துணிக்கடை ஸக்கரியா, இரங்கல் உரையையும் வாழ்த்துரையையும் ஒரே தாளின் இரண்டு பக்கங்களில் எழுதி வைத்திருந்து, மருமகனின் கல்யாணத்தில் தாளைத் திருப்ப மறந்து, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று முழங்கினார். பெண் வீட்டார் கை தட்டினார்கள். இவர்கள் பேச்சை எவன் கேட்கிறான்?

ஏழாவதாக வந்தவன் அழகையா. கீழே ஸ்டோரில் மிளகு மூட்டை தூக்குகிறவன். அவன் பெண்சாதி வேலம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுக்காக விசாரணையில் அவன் பேச வேண்டியிருந்தது. படிக்கட்டு ஓரத்தில் நின்றுகொண்டே சொன்னான்:

“ஏழு நாளு காய்ச்சலுங்க மாஸ்டர். டிஸ்பென்சரித் துண்ட அவளே கொண்டுபோயி கணக்கப்புள்ள கையில குடுத்திருக்கா. பக்கத்துக் காம்பரா காத்தாயி கூட நின்னு பாத்திருக்கா. இப்ப துண்டே வரலங்கிறாங்க. சொல்லாம கொள்ளாம நின்னுட்டான்னு பேர வெட்டிட்டாங்க. அவ வேல போனா குடியிருக்கிற காம்பராவும் போயிரும். மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போறது?”

பேச்சு அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவும் தேவையில்லை, குறைக்கவும் தேவையில்லை. இதையே போய்ச் சொல்லடா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேரொளி இதை எப்படிப் பாழாக்கப் போகிறான் என்று பார்க்கும் ஆசை எனக்கு. இலவச நாடகத்தை எவன் நிறுத்துவான்?

ஸமத் துண்டைத் தோள் மாற்றினான். “துண்டுண்டா தோள்ல போடுறது, அழகையா. சபையில சிரிப்பாங்க. மருத்துவ மடல்ண்டு சொல்லணும்.”

“சரிங்க மாஸ்டர்.”

“மாவன்னாவுல தொடங்கிட்டம். இனி எல்லாம் மாவன்னாதான். காத்தாயி அதுல வரமாட்டா. அவள விட்டுருவம்.”

“அவதாங்க சாட்சி.”

“சாட்சி முக்கியமா, சந்தம் முக்கியமா?”

அந்த வீட்டில் பெண் எடுத்ததற்காக நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழகையா நான்கு ஞாயிறு படித்தான். மூட்டை தூக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தான் என்று கடைப் பையன்கள் சொன்னார்கள்.

விசாரணை ஒரு புதன்கிழமை. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அன்றைக்கு இன்னும் ஒன்பது வழக்கு. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஆட்களின் பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வேலம்மா சுவரோரம் நின்றாள். அழகையா இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்து, கை கூப்பி, விளிக்கத் தொடங்கினான். மாண்புமிகு மன்றத் தலைவர், மதிப்பிற்குரிய கிளாக்கர், மன்றத்தின் மொழிபெயர்ப்பு மாமணி. மாமணி என்றது என்னை. வாசலில் நின்ற பியோனைக்கூட விடவில்லை.

“வணக்கம் சொல்கிறான்,” என்றேன் சிங்களத்தில்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இந்தப் பெண் சுகமில்லை என்று அறிவித்தாளா இல்லையா? அதை மட்டும் கேளுங்கள்.”

கேட்டேன். அழகையா வலது கையை உயர்த்தி என்னை அடக்கினான். என்னை! பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எழுத்தும் பிசகாமல் முழங்கினான்:

“மாசற்ற மாதரசி, மங்காத மாண்புடையாள், மருத்துவ மடலை மேற்பார்வை மன்னவரின் மலர்க்கரத்தில் மகிழ்வுடன் மாற்றினாள்!”

கணக்கப்பிள்ளையின் மலர்க்கரம்! வெற்றிலைச் சுண்ணாம்பில் வெந்துபோன அந்தக் கை. உன் தம்பி ஊருக்குக் கற்றுக்கொடுத்த இலட்சணத்தைப் பார் என்று மாலையில் ஹமீமாவிடம் இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்திச் சிரிப்பது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன சொல்கிறான்?” என்றார் அதிகாரி.

“பெண்சாதியை வர்ணிக்கிறான் சேர்.”

அவர் சிரித்தார். கிளாக்கர் இன்னும் பலமாகச் சிரித்தார்; அவருக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது. அறிவித்ததற்கு ஆதாரம் இல்லை, தோட்டம் செய்தது சரி என்று அதிகாரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடிக்கும்போது அழகையா விடைபெறலில் இருந்தான்.

மருத்துவ மடல் என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்தவர்களில் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் சொல்லிவிட்டான். மருத்துவமும் மடலும் காதில் தெளிவாகவே விழுந்தன. நான் சொல்லவில்லை. ஸமத்தைக் கோமாளி என்று சொல்லித் திரிந்த எனக்கு அதைவிட மோசமான ஒரு பெயர் இருக்க வேண்டும்.

வெளி விறாந்தையில் அழகையா நெற்றியைத் துடைத்தான். முடிவு இன்னும் அவனுக்குப் புரியவில்லை. அதைத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நான்தான். அண்ணன் முறை வைத்து என்னைக் கேட்டான்: “எப்புடி நானா? ஒரு எழுத்தாச்சும் பிசகிச்சா?”

“பிசகல்ல.”

காலை ஆறு மணியிலிருந்து அங்கே காத்துக்கொண்டிருந்த காத்தாயி எழுந்து வந்தாள். “என்னைய எப்ப கூப்புடுவாங்க?” என்றாள்.

வேலம்மா என் முகத்தையே பார்த்தாள்.

“நானா, நான் சின்னதுல ரெண்டு வருசம் சிங்கள ஆளுங்க வீட்ல வேல செஞ்சவ. அவங்களும் துண்ட ‘துண்டுவ’ன்னுதானே சொல்லுவாங்க? இவரு வாயிலயும் அது வரல. ஒங்க வாயிலயும் வரலியே.”

உள்ளே அதிகாரி பேனாவை இன்னும் மூடவில்லை. கதவுக்கும் எனக்கும் நான்கு அடி.

“இனி நேரம் போச்சு, வேலம்மா,” என்றேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தேகால்.