அரிவாள் சிவக்கும் வரை

பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தண்ணீரில் இருக்கும்வரை யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஒரு சங்கடமும் உண்டு. எது வந்து பிடித்தாலும் கத்த முடியாது. வாயைத் திறந்தால் கயிறு நழுவி ஓலைக்கூடை கவிழும், காலையிலிருந்து பிடித்ததெல்லாம் ஏரிக்கே போய்விடும். எட்டு நாளைக்கு முன் பசியாவரம் கரையோரச் சேற்றில் ஏதோ ஒன்று இடது மணிக்கட்டை வளைத்துப் பிடித்தபோது குப்பம்மாளும் கத்தவில்லை. கையை உருவிக்கொண்டு கரையேறி, இறாலைப் பத்திரமாகக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் கத்தினாள்.

அன்றிலிருந்து அந்தக் கை தண்ணீருக்குள் போக மறுத்தது. முழங்கை நனைந்தாலே நெஞ்சு அடைத்தது, காது இரைந்தது. போன மாசம் குடித்துவிட்டுத் தோணியிலிருந்து விழுந்து செத்த உலாந்தாக்காரன், எதிர்க்கரைக் கோட்டை டச்சுக்காரன்தான் பிடித்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. பேயோட்டும் சடையனைப் புருஷன் முனியன் கூட்டிவந்துவிட்டான். கூலியாக ஒரு சேவல் முன்னமே கைமாறியிருந்தது.

சடையன் கரையில் நெருப்பு மூட்டி அரிவாளைக் கங்கில் செருகினான். "உள்ளங்கையில ஒரே இழுப்பு. அவன் ஓடியே பூடுவான்."

குப்பம்மாளின் கண் கூட்டத்தில் நின்ற அங்காளம்மாள் பக்கம் போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கும் இப்படித்தான் ஒரே இழுப்பு. பேய் போயிற்றோ என்னவோ, மூன்று விரலில் உணர்ச்சி போய்விட்டது. கலங்கல் தண்ணீரில் கண்ணால் ஆவது ஒன்றுமில்லை, விரல்தான் பார்க்க வேண்டும். அங்காளம்மாள் இப்போது ஊராருக்கு விறகு பொறுக்கிப் போடுகிறாள்.

"மாமா, அருவா செவக்க நேரமாவும் இல்ல? அதுக்குள்ள இந்தக் கையாலேயே ஒரு இறால் எடுத்தாந்தா சூடு வேணாம்," என்றாள் சடையனிடம்.

"எடுக்காங்காட்டி?"

"நானே கைய நீட்டுறேன்."

"சேவலத் திருப்பித் தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"சேவல நீயே துன்னு."

பேரம் படிந்தது. சடையன் ஊதுகுழலை வேகமாக ஊத ஆரம்பித்தான். அவன் அவசரம் அவனுக்கு.

கயிற்றைப் பல்லில் கடித்தபடி குப்பம்மாள் அதே இடத்துக்கு நடந்து மண்டியிட்டாள். இடது கை தண்ணீரைத் தொட்டதும் உடம்பு மொத்தமும் எழுந்து ஓடப் பார்த்தது. பின்னால் ஊதுகுழல் உஸ் உஸ்ஸென்றது.

எதிர்க்கரையில், கோட்டைக்குப் பக்கத்தில், துணி வாங்க வரும் செட்டிமார்களை அவள் இறால் விற்கப் போகும்போது பார்த்திருக்கிறாள். சொன்ன சொல்லுக்கு ஒருவரும் சரக்கை வாங்குவதில்லை. விரித்து, வெயிலில் பிடித்து, எங்கே நெய்தது, எங்கே இழை விட்டிருக்கிறது என்று குடைந்தெடுப்பார்கள். அவளோ இந்தப் பயத்தை எட்டு நாளாக மடிப்புக்கூடப் பிரிக்காமல் தலையில் சுமந்திருக்கிறாள்.

சரி, நீ எங்கே இருக்கிறாய்? விரலிலா? இல்லை. உள்ளங்கையிலா? அங்கேயும் இல்லை. மணிக்கட்டில். ஒரு பக்கமா, சுற்றியா? சுற்றி. நண்டென்றால் இரண்டு இடத்தில் கடிக்கும். பாம்பென்றால் நெளியும். செத்தவன் கையென்றால் விரலுக்கு விரல் இடைவெளி இருக்குமே! இது குளிர்ந்து, வழவழவென்று, இடைவெளியே இல்லாமல் ஒரே வட்டம்.

வளையம்.

கயிறு பல்லில் நறநறத்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய பஞ்சம். அம்மா அப்பா இரண்டு பேரும் போன பிறகு, அக்கா நாகம்மாளும் அவளும் கஞ்சித்தொட்டி வரிசையில். ஆள் வாங்கும் தரகன் ஒருவன் இரும்பு வளையத்தைப் பிள்ளைகள் கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். சதை இருந்து வளையம் நின்றால் அடிமைக் கப்பல். குச்சிக் கையாய் இருந்து கழன்று விழுந்தால் வேண்டாம். குப்பம்மாளுக்குக் கழன்று மணலில் விழுந்தது. ஒன்பது வயசு நாகுவுக்கு நின்றது.

அக்காவுக்கு மட்டும் வளையல் போட்டுவிட்டார்கள் என்று அஞ்சு வயசுக்காரிக்குக் கோபம். படகு புறப்பட்டபோது நாகு கூப்பிட்டாள். இவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

எட்டு நாளைக்கு முன் சேற்றில் பிடித்த வளையம் கழன்று விழவில்லை. கைக்குச் சரியாக நின்றது. இப்போது நீ தேறிவிட்டாய், உன்னையும் கொண்டுபோவார்கள் என்றுதான் உடம்பு அலறியிருக்கிறது.

"செவந்துடுச்சு!" என்றான் சடையன்.

"இன்னும் நுனி கறுப்பாத்தான் கீது, ஊது மாமா," என்றான் முனியன். எட்டு நாளில் அவன் பெண்டாட்டி பக்கம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் கையை இறக்கினாள். பயம் போகவில்லை. பயத்தோடேயே கை போயிற்று. முழங்கை, தோள், சேறு. அங்கே வழவழப்பாக ஒரு வாய். கப்பல்காரர்கள் எறிந்த பீங்கான் ஜாடி, கழுத்துவரை புதைந்து கிடந்தது. உள்ளே ஏதோ துடித்தது. எடுக்க வேண்டுமானால் அந்தக் கழுத்துக்குள் மணிக்கட்டை நுழைத்தாக வேண்டும்.

நுழைத்தாள். வட்டம் சுற்றிப் பிடித்தது. கண்ணில் நீர் முட்ட, கயிற்றைக் கடித்துக்கொண்டு குவித்த விரல்களோடு கையை மெல்லத் திருகி உருவினாள். கழன்றது.

கையில் விரல் நீள இறால் துள்ளியது. இறாலைவிடக் கை அதிகமாகத் துள்ளியது.

"நடுங்குதே! அவன் இன்னும் போவல," என்றான் சடையன்.

வாயில் கயிறு இருந்தது. நல்லதாய்ப் போயிற்று. அக்கா பேரை இவனிடம் சொன்னால் உலாந்தாக்காரனுக்கு ஒன்று, நாகுவுக்கு ஒன்று என்று இரண்டு சூடு போட்டிருப்பான். அவள் இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டு, அதே கையை மறுபடி ஜாடிக்குள் விட்டாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சடையன் முணுமுணுத்தபடி அரிவாளை ஏரியில் முக்கினான். அது சுரீரென்றதும் அவள் உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது.

எல்லோரும் கலைந்த பிறகு முனியன் முட்டியளவு தண்ணீரில் வந்து நின்றான். "இன்னாமே இருந்துச்சு கீழ?"

குப்பம்மாள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். பறியை அவனிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாய்யா," என்றாள்.