பின்னால் உட்கார ஓர் ஆள்

விஜயபாண்டிக்கு வாரத்தில் இரண்டே நாள்தான். செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டுக் கருத்தக்கண்ணனைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போவார். உள்ளே அவருக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கும். விஜயபாண்டி வெளியே காத்திருந்து கூட்டிவருவார். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகள் ஜோதிகா ஓசூரில். மற்ற ஐந்து நாளும் அவர் பேசுகிற பேச்சையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குக் காணாது.

போன வெள்ளிக்கிழமை பிரேக் பிடித்தபோது ஹேண்டிலுக்குள் 'டக்' என்றது. ஹேண்டில் கழுத்திலிருக்கும் பேரிங்கான கோன் செட் தளர்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் வெளியே சொல்லவில்லை. கருத்தக்கண்ணன் மகன் வேல்பாண்டி ஏற்கெனவே ஒரு தடவை, "வண்டி மக்கர் பண்ணுனா சொல்லுங்க, அப்பாவுக்கு ஆட்டோ பேசிருவோம்" என்று நல்ல மனசோடுதான் சொல்லியிருந்தான்.

மச்சினன் கல்யாணத்துக்குக் கம்பம் போன மெக்கானிக் ஒச்சாண்டி இன்னும் திரும்பவில்லை. திங்கள் காலையில் விஜயபாண்டி தானே மேல் நட்டைக் கழற்றினார். அதற்கடியில், விளிம்பில் பள்ளம் பள்ளமாகக் காடி வெட்டிய வட்ட நட்டு. அதன் காடியில் உளியை வைத்துச் சுத்தியலால் மூன்று அடி அடித்தார். சத்தம் நின்றது. மகிழ்ந்துபோய் ஒரு சுற்றுப் போனார்.

மாந்தோப்பு வளைவில் திரும்பிய ஹேண்டில் நேருக்கு வரவில்லை. யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டதுபோல் முரண்டியது. அடித்த அடியில் நட்டு அளவுக்கு மேல் இறுகிவிட்டது. வண்டி தானாக வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. காலை ஊன்றி நிறுத்தினார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கருத்தக்கண்ணனின் கை தன் தோளைப் பிடித்திருப்பதாக நினைத்துப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

குளித்துவிட்டுக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனார். அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை, அடைத்த கதவுக்குத்தான் பூசை. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற காது உண்டென்று நம்புகிறவர்தான் அவர். நாளைய பயணம் கைவிட்டுப் போகக்கூடாது என்று கேட்கத்தான் வந்தார். வாயில் வந்தது வேறு: "என்னால அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆயிறக்கூடாது, தாயே."

பிறகு பஸ் ஏறிப் பெரியகுளத்தில் உதிரிபாகக் கடைக்குப் போய், நட்டின் காடியில் கொக்கி மாட்டித் திருப்புகிற சி ஸ்பேனர் வேண்டும் என்றார். கடைக்காரம்மா சுகிர்தம் கேட்டார்:

"சி ஸ்பேனரா? எம்புட்டுப் பெரிய நட்டு?"

விஜயபாண்டி, நட்டைச் சுற்றி அளந்து வெட்டிய நூலை மேஜைமேல் வைத்தார். அந்த அம்மா நூலை வட்டமாக்கி, இரண்டு ஸ்பேனர்களை வைத்துப் பார்த்தார்.

"இது பெருசு, கொக்கி வழுக்கும். இதான் காடியில உக்காரும். இதுக்கு முன்னால உளி வச்சீகளா?"

விஜயபாண்டி நூலை எடுத்து விரலில் சுற்றினார்.

"வைக்காத ஆளு இங்கன யாரு? நட்டத் தளத்திட்டு, கொஞ்சங் கொஞ்சமா இறுக்கிப் பாருங்க. ஆட்டமும் இருக்கக்கூடாது, ஹேண்டிலு தன்னால ரெண்டு பக்கமும் சாயவும் செய்யணும். தனியாப் பாக்காதீக. பின்னால ஒராளு உக்காந்தாத்தான் முன்சக்கரம் தூக்கும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் கிரீஸையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

ஒராளு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஆள் யார் என்று யோசித்தார். தெருவே வேலைக்குப் போயிருந்தது. வாசலில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, வண்டிக்குக் காவலா?" சுவருக்கு மேலே கருத்தக்கண்ணனின் தலை தெரிந்தது.

மறைக்க முடியவில்லை. "அண்ணே, வெள்ளிக்கிழமையே ஹேண்டில்ல சத்தம் வந்துச்சு. சொன்னா ஆட்டோவுல போயிருவீகன்னு சொல்லல. காலைல நானே தட்டிக் கெடுத்து வச்சிருக்கேன். விழப் பாத்தேன். நீங்க இருந்திருந்தா..."

கருத்தக்கண்ணன் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தார். "எனக்கும் கேட்டுச்சுப்பா. சொன்னா நீ வண்டிய நிப்பாட்டிருவியோன்னு நானும் சொல்லல. ஆட்டோக்காரன் எவனும் பேச்சுத்தொணைக்கு வாயத் தொறக்க மாட்டான். சரி, இப்ப என்ன செய்யணும்?"

"பின்னால ஒராளு உக்காரணும்."

"நல்ல நாளாப் பாத்துத்தான் கூப்புட்ட. நாளைக்கு டயாலிசிஸ்ல எடுக்கவேண்டிய தண்ணி ரெண்டு கிலோ இன்னிக்கு உள்ளதான் கெடக்கு. நல்லா அமுக்கும்." சிரித்துக்கொண்டே ஏறி சீட்டின் பின்கோடியில் உட்கார்ந்தார். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது.

நோயாளியை வேலை வாங்குகிறோமே என்று விஜயபாண்டிக்குக் கூச்சம். ஆனால் யாருக்கும் பயன்படாமல் வருஷக்கணக்கில் பிறர் கையையே எதிர்பார்த்திருந்த அந்த முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருந்தது. மேல் நட்டைக் கழற்றி, வட்ட நட்டைத் தளர்த்தி, கிரீஸ் வைத்து, ஸ்பேனரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். ஒவ்வொரு தடவையும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார்.

"இப்ப?"

"லேசா ஆடுதுண்ணே."

"அவசரமில்ல. நான் எங்கன போகப் போறேன்?"

ஆறாவது தடவையில் ஆட்டம் நின்றது. விரல் நுனியால் தொட்டதும் ஹேண்டில் இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு வலப்பக்கமும் அப்படியே சாய்ந்தது. மேல் நட்டை இறுக்கி, இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"மொதல்ல நீ மட்டும் போயிட்டு வா," என்று கருத்தக்கண்ணன் இறங்கினார். "நான் இங்கனயே நிக்கேன்."

மாந்தோப்பு வளைவில் வண்டி சொன்னபடி திரும்பியது. பிரேக்கை அழுத்திப் பார்த்தார், சத்தமில்லை. திரும்பித் தெருவுக்குள் நுழைந்தபோது, வாசலில் ஒருவர் கையை நெற்றிக்குக் கொடுத்து அவர் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷமாக அந்த வாசலில் அவருக்காக யாரும் நின்றதில்லை. வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் மெதுவாகவே வந்தார்.

"சத்தம்?"

"இல்லண்ணே."

"அப்ப காலைல ஆறரைக்கு. பிந்துனா ஆட்டோவுல போயிருவேன், பாத்துக்க."